பழைய ஆய்வை இன்றைக்கு எப்படி வாசிப்பது: சேலத்துத் தண்ணீர், சேர்வராயன் கல், கொஞ்சம் மருந்து

பழைய ஆய்வறிக்கை ஒன்று கைக்கு வருகிறது என்று வையுங்கள். கருப்பூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ சோதித்து எழுதியதாக இருக்கலாம், சேர்வராயன் மலைக் கல்லைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்தில் அச்சானதாக இருக்கலாம், வீட்டில் யாரோ தினமும் போட்டுக்கொள்ளும் மாத்திரையைப் பற்றிய ஐம்பது வருஷத்துக் கட்டுரையாக இருக்கலாம். எடுத்துக்கொள்ளலாமா, விடலாமா? சேலத்தில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் வேலைக்குக் கூட உட்காருகிறவன் நான். இந்தக் கேள்வி வராத வருஷம் கிடையாது. வருகிற பதில்களும் பெரும்பாலும் இரண்டுதான். "அந்தக் காலத்து ஆளுங்க எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சாங்க" என்பது ஒன்று. "பழசு சார், விடுங்க, சயின்ஸ் நேத்து ஒண்ணு சொல்லும் இன்னைக்கு ஒண்ணு சொல்லும்" என்பது மற்றது. இரண்டுமே தாளைப் பிரித்துப் பார்க்காமல் சொல்கிற தீர்ப்பு. இரண்டாவது ஆபத்தானதும்கூட, ஏனென்றால் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தடுப்பூசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

நல்ல ஆய்வு எது என்பதற்கான அளவுகோல் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அந்த மாற்றங்கள் பெரும்பாலும் காரணத்தோடு வந்தவை: எங்கோ யாரோ சறுக்கியிருப்பார்கள், அடுத்தவர் சறுக்காமல் இருக்க ஒரு விதி பிறந்திருக்கும். ஆகவே பழைய ஆய்வு ஒன்றைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அன்றைக்கு இருந்த கருவியையும் வழக்கத்தையும் வைத்துப் பார்த்தால் இவர் ஒழுங்காக வேலை செய்தாரா? இவர் சொன்னதில் எவ்வளவு இன்றைக்கும் தாங்கும்? முதல் கேள்வி ஆளைப் பற்றியது, இரண்டாவது கூற்றைப் பற்றியது. நோட்டில் நடுவே கோடு போட்டு, முதல் கேள்விக்கு இடது பக்கம், இரண்டாவதுக்கு வலது பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்து விடை மறுபக்கத்துக்குப் போகக் கூடாது. ஒழுங்காக வேலை செய்தவர் எடுத்த முடிவு பின்னால் ஆட்டம் கண்டிருக்கலாம். சொன்ன வார்த்தையில் நேர்மை தவறியவரின் எண் சரியாக இருந்துவிடலாம். இரண்டுக்கும் உதாரணம் கீழே வருகிறது.

தண்ணீர் அறிக்கையில் தொடங்குங்கள்

கைக்கு எட்டுகிற உதாரணம் இதுதான், அதனால் பழகுவதற்கு இதுவே நல்லது. சேலத்தில் மேக்னசைட் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவை, அளப்பது பிள்ளைகள் விரும்பி எடுக்கிற தலைப்பு. பழைய அறிக்கையில் ஒரு எண், இன்றைய சோதனையில் ஒரு எண், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, எப்படி அளந்தார்கள் என்பது. இன்று கல்லூரி ஆய்வகத்தில் செய்வது ஈடிடிஏ என்ற, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளை வைத்துச் செய்யும் தரம்பார்த்தல்: தண்ணீரில் பஃபர் கரைசலை விட்டு பிஹெச்சை 10க்குக் கொண்டுவந்து, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டால் திராட்சை ரசச் சிவப்பு வரும், ப்யூரெட்டிலிருந்து ஈடிடிஏ சொட்டச் சொட்ட அது ஊதா கலந்து, கடைசிச் சொட்டில் சுத்த நீலமாகத் திரும்பும். இந்த முறை 1940களில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டு ஆண்டது 1841இல் தாமஸ் கிளார்க் கொண்டுவந்த சோப்பு முறை: மூடியிட்ட பாட்டிலில் தண்ணீர், அதில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும், நுரை ஐந்து நிமிஷம் நின்றால் முடிந்தது. கால்சியம் மட்டும் உள்ள தண்ணீரில் இது நன்றாகவே வேலை செய்யும். மக்னீசியம் இருந்தால் ஏமாற்றும், ஏனென்றால் மக்னீசியம் சோப்போடு மெதுவாகத்தான் சேரும். கால்சியம் தீர்ந்தவுடன் நுரை நின்றது போலத் தோன்றும், இன்னும் கொஞ்சம் சோப்பு விட்டால் அந்த நுரை கலைந்துபோகும். அனுபவம் இல்லாதவர் முதல் நுரையிலேயே நிறுத்தியிருப்பார், எண் குறைவாக வந்திருக்கும். மக்னீசியம் நிறைந்த பாறை உள்ள நம் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆக சோப்பு முறையில் எடுத்த பழைய எண்ணும் ஈடிடிஏ எண்ணும் நேராக ஒப்பிடத் தகுந்தவை அல்ல என்று வலது பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கத்தில் எழுத வேண்டியது: அறிக்கை ஈடிடிஏ வருவதற்கு முந்தையது என்றால், அன்று அதைவிட எளிதான முறை ஆய்வகங்களில் புழக்கத்தில் இல்லை, அவர் செய்தது சரி.

இரண்டாவது, அலகு. பழைய தாள்களில் கிளார்க் டிகிரி என்று வரும். ஒரு கிளார்க் டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 14.3 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். மாற்றாமல் ஒப்பிட்டால் பதினான்கு மடங்கு பிசகும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: "வரம்புக்குள்" என்று எழுதியிருந்தால், எந்த வருஷத்து வரம்பு? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதன் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் கடினத்தன்மைக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 300 மில்லிகிராம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்ற சலுகை இரண்டிலும் உண்டு. 1995இல் 280 இருந்த ஒரு கிணறு நல்ல தண்ணீர் என்று பெயர் வாங்கியிருக்கும். இன்றும் அதே 280 இருந்தால், தண்ணீர் ஒரு துளியும் மாறாமலேயே, "அளவைத் தாண்டியது" என்று அறிக்கை வரும். எண் மாறியதா, கோடு மாறியதா என்று பார்க்காமல் எந்த முடிவும் எழுதாதீர்கள், ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லவும் செய்யாதீர்கள்.

கண்டதையும் கருதியதையும் பிரியுங்கள்

அடுத்த வேலை, கட்டுரையில் உள்ள வாக்கியங்களை இரண்டு நிறப் பேனாவால் அடிக்கோடிடுவது. கண்ணாலும் கருவியாலும் கண்டது ஒரு நிறம், அதிலிருந்து ஊகித்தது இன்னொரு நிறம். கண்டது நீண்ட நாள் உழைக்கும். ஊகித்ததுதான் முதலில் ஆட்டம் காணும்.

இதை ஒரு கல்லை வைத்தே பழகலாம். சேலத்துக்கு வடக்கே வெள்ளை நரம்புகள் ஓடுகிற அந்தக் கரடுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சாக் ஹில்ஸ், தோற்றத்தைப் பார்த்து வைத்தது. கல் சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மக்னீசியம் கார்பனேட், நாம் வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட். வித்தியாசம் தெரிய பள்ளி ஆய்வகமே போதும். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு சோதனைக் குழாயில் சுண்ணாம்புக்கல் பொடியும் இன்னொன்றில் வெள்ளைக்கல் பொடியும் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். சுண்ணாம்புக்கல் விட்ட மாத்திரத்தில் பொங்கும். வெள்ளைக்கல் பெரும்பாலும் சும்மா கிடக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் உண்டு. குழாயை மெல்லச் சூடாக்குங்கள், அப்புறம்தான் நுரைக்கத் தொடங்கும்.

சரி, இது போதுமா? பள்ளிக்குப் போதும். ஆனால் டாலமைட் என்ற இன்னொரு கல்லும் குளிர்ந்த அமிலத்தில் மந்தமாகத்தான் நடந்துகொள்ளும், ஆகவே அமிலம் மட்டும் வைத்து "இது மேக்னசைட்" என்று இன்று எந்த ஆய்விதழிலும் எழுத முடியாது. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் படம் கேட்பார்கள், வேதிப் பகுப்பாய்வு கேட்பார்கள். படிகத்தில் எக்ஸ் கதிர் விலகுவதை லவே குழுவினர் காட்டியது 1912இல், பொடியை வைத்தே படமெடுக்கும் முறை அதற்குச் சில வருஷம் கழித்து வந்தது. 1880இல் எழுதியவரிடம் போய் அந்தப் படம் எங்கே என்று கேட்பதில் நியாயம் இல்லை. 1980இல் எழுதியவரிடம் கேட்கலாம். ஆண்டைப் பார்த்து எதிர்பார்ப்பை வைக்க வேண்டும் என்பது இதுதான்.

இதைவிடப் பெரிய கதை மலை மேலே இருக்கிறது. ஏற்காடு ஏறும்போது வெட்டிய பாறைச் சரிவுகளில் தெரிகிற, புதிதாக உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போல மினுங்குகிற கருமையான கல் சார்னோக்கைட். கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்திலும் இதே கல்தான். 1900இல் விரிவாக எழுதிய ஹாலண்ட், இது உருகிய குழம்பு குளிர்ந்து உண்டான பாறை என்றார். அவர் கையில் இருந்தவை கள ஆய்வு, வேதிப் பகுப்பாய்வு, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலைப் பார்க்கிற நுண்ணோக்கி, அவ்வளவுதான். பாறைக்கு யுரேனியம்–ஈய முறையில் வயது சொல்லும் முதல் முயற்சியே 1907இல்தான் வந்தது.

அப்புறம் 1960இல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தில் கப்பல்துர்காவின் கல்குவாரியில் கண்டதை எழுதினார். நைஸ் என்ற வரிவரியான சாம்பல் நிற உருமாறிய பாறையின் வரிகள் ஓடிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் மங்கி, கருமையான எண்ணெய்ப் பசையுள்ள திட்டாக மாறி, மறுபக்கம் மறுபடி வரிகளாகத் தொடர்கின்றன. அதாவது அங்கே சார்னோக்கைட் திடப்பாறைக்குள்ளேயே, இருந்த இடத்திலேயே உருவாகியிருக்கிறது. 1970களின் கடைசியில் இதே இடத்தை வைத்து, நீர் குறைந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த திரவம் புகுந்து பாறையை மாற்றியது என்று வாதம் வலுத்தது. இன்று, குழம்பிலிருந்து வந்தவை உண்டு, உருமாற்றத்தில் வந்தவையும் உண்டு, குழம்பாகப் பிறந்து பின்னர் உருமாறியவையும் உண்டு என்று இடத்துக்கு இடம் பிரித்துப் பார்க்கிறார்கள். பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளை வைத்துச் சேலம் வட்டாரச் சார்னோக்கைட்டுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள்.

ஹாலண்டின் கட்டுரையை இப்போது இரண்டு நிறத்தில் கோடிட்டால், கனிமங்களைப் பற்றிய வருணனை, நீலச்சாயல் உள்ள குவார்ட்ஸ், பைராக்ஸீன் என்று பார்த்து எழுதியவை, இன்றும் கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம். "இது எப்படி உண்டானது" என்ற பகுதிக்கு மட்டும் ஓரத்தில் 1960, 1970களின் கடைசி என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன முதல் வகை ஆள் இவர். வேலை ஒழுங்கு, முடிவின் ஒரு பாதி மட்டும் காலத்துக்குத் தாங்கவில்லை.

செடிக்குப் பெயர் வைக்கும் விதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விதி தேதியோடு எழுதப்பட்ட துறை இது என்பதால் வேலை சுலபம். புதுத் தாவரத்துக்கு வைக்கும் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் 1935 ஜனவரி 1 முதல் லத்தீனில் வருணனை கட்டாயம். 1958 ஜனவரி 1 முதல் ஒரு மூலமாதிரித் தாளை, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் உலர்த்திய செடியை ஒட்டிய தாளை, சுட்டிக்காட்டுவது கட்டாயம். 2012 முதல் லத்தீனுக்குப் பதில் ஆங்கிலத்திலும் எழுதலாம். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் மரத்துக்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் கேம்பிள் இந்த விதிகளுக்கெல்லாம் முந்தியவர். மூலமாதிரி எது என்று அவர் சொல்லவில்லையே என்று கேட்கக் கூடாது. அப்படிப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பழைய தாள்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து மூலமாதிரியாக அறிவிப்பதற்கு விதியே இடம் கொடுக்கிறது. வெர்னோனியா என்ற பெரிய பேரினத்தைப் பிரித்தபோது இந்த மரம் மோனோசிஸ் என்ற பேரினத்துக்கும் போய்விட்டது, ஆகவே பழைய கட்டுரையில் ஒரு பெயரும் புதுக் கட்டுரையில் இன்னொன்றும் பார்த்தால் இரண்டு மரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

உலர்த்திய செடியை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியத் தாள் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது, அங்கே இருப்பவர்களிடம் முறையாகக் கேட்டுப் பாருங்கள், கண் முதலில் போக வேண்டிய இடம் வலது கீழ்மூலை. சீட்டில் யார் பறித்தது, என்று, எந்த உயரத்தில், எந்த எண். பழைய சீட்டுகள் பலவற்றில் இடம் என்ற இடத்தில் மலையின் பெயர் மட்டும் இருக்கும். செடியை அடையாளம் காண அந்தத் தாள் இன்றும் முதல்தரச் சான்று. அந்தச் செடி இருந்த ஓடைக்கரையை மறுபடி கண்டுபிடிக்க உதவாது. ஒரே தாள், ஒரு கேள்விக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது.

மருந்து ஆய்வில் நிதானம் வேண்டும்

இங்கேதான் நான் பிள்ளைகளைவிடப் பெற்றோரிடம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

1948இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வெளியானது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் எண்படி மூடிய உறையில் வைத்துக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழு என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். அதற்கு முன் பெரிய டாக்டர் ஒருவர் "என் அனுபவத்தில் இது கேட்கிறது" என்று சொன்னால் அதுவே சான்று. இதற்கு அப்புறம் அந்தச் சொல்லுக்கு இருந்த எடை குறைய ஆரம்பித்தது. மருந்து எதிர்ப்பு உண்டாவதையும் அதே ஆய்வு காட்டியது, ஒற்றை மருந்து போதாது என்று கூட்டு மருந்துக்குப் போனார்கள்.

இப்போது இடது பக்கத்தைப் பாருங்கள். மருந்து பெறாதவர்களுக்குத் தாங்கள் ஒரு ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. மருந்து எல்லோருக்கும் போதாது என்பதும் உண்மைதான். மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறை வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது 1964இல். இன்று நம் மருத்துவக் கல்லூரி எதிலும் நெறிமுறைக் குழு முன் இந்தத் திட்டத்தை வைத்தால் ஒப்புதல் கையெழுத்து எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும். ஆனாலும் அந்த ஆய்வு கண்டது நிற்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காகச் செய்த விதத்தை நியாயப்படுத்தவும் வேண்டாம், செய்த விதம் இன்று ஒப்பாது என்பதற்காக எண்ணை அழிக்கவும் வேண்டாம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் உள்ளது சென்னை ஆய்வு. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அதன் முதல் பெரிய வேலை. அன்றைய நம்பிக்கை என்ன? காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் மருந்து மட்டும் கொடுத்தால் குணமாகுமா என்று கேட்டதே அன்று துணிச்சல். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே ஓராண்டு, பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஓராண்டு, இருவருக்கும் அதே மருந்துகள். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்கள் சாப்பாட்டிலும் ஓய்விலும் பின்தங்கியிருந்தும் குணமான விகிதம் ஏறத்தாழ சமம். வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கி நகர்ந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்று கொடுத்த மருந்துக் கூட்டு இன்று புழக்கத்தில் இல்லை. அதைப் பார்த்து "காலாவதி" என்று ஒதுக்கினால் தவறு. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுகிற ஆளுக்கு மலைக்காற்றும் படுக்கையும் கட்டாயமா என்பது. அந்தக் கேள்விக்கான விடை மருந்து மாறியதால் மாறவில்லை. ஆக ஒரு பழைய மருத்துவக் கட்டுரையைத் திறந்தால், எந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் மேலே படியுங்கள்.

2009க்குப் பிந்தைய இந்திய மருந்து ஆய்வு என்றால் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நோயாளிகளிடம் செய்யும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் தேசியப் பதிவேடு, சிடிஆர்ஐ, 2007 ஜூலையில் தொடங்கி 2009 ஜூன் 15 முதல் கட்டாயமானது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் தேடலாம், சித்த மருந்து ஆய்வுகளும் அதில் உண்டு. கட்டுரையில் உள்ள பதிவு எண்ணைப் போட்டுத் தேடி இரண்டு இடத்தைப் பாருங்கள்: பதிவான தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முன்னதா, பின்னதா? "இதைத்தான் அளக்கப் போகிறோம்" என்று பதிவில் சொன்னதும் கட்டுரையில் பெருமையாகச் சொல்வதும் ஒன்றா? சர்க்கரை குறைகிறதா என்று பார்க்கிறோம் எனப் பதிந்துவிட்டு, கட்டுரையில் நோயாளிகளின் மனநிறைவு கூடியது என்று முடித்திருந்தால், சர்க்கரை என்ன ஆனது என்று கேளுங்கள்.

விட்டுப்போன எண்களைத் தேடுங்கள்

மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனை பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த எல்லோருக்கும் தெரியும். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைச் சொன்ன 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 துளிகள். இது பொறுக்கி எடுத்த தொகுதி இல்லை, 60 நாளில் சோதித்த எல்லாத் துளிகளும் இவையே என்று அழுத்தியே எழுதினார். 1978இல் ஜெரால்டு ஹோல்டன் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பற்றி எழுதியபோது, அதைவிட மிக அதிகமான துளிகளைப் பார்த்திருந்தார் என்பது வெளியே தெரிந்தது. விட்டவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், எண் பெரிதாக மாறவில்லை, பிழை வரம்புதான் கொஞ்சம் அகலமானது. ஆகவே எண் நிற்கிறது, "எல்லாம் இவையே" என்ற வாக்கியம் நிற்கவில்லை. இரண்டாம் வகைக்கு உதாரணம் இவர். அவருடைய எண்ணே சற்றுக் குறைவாக இருந்தது, காற்றின் பாகுத்தன்மைக்கு எடுத்த மதிப்பு தவறு என்பதால். பின்னால் வந்தவர்கள் ஒரேயடியாகத் திருத்தாமல் மெல்ல மெல்லத்தான் மேலே நகர்ந்தார்கள். மில்லிகன் மதிப்பிலிருந்து தள்ளிப்போன விடை வந்தால் எங்கே தப்பு செய்தோம் என்று துருவியதும், பக்கத்தில் வந்தால் சந்தேகப்படாமல் விட்டதும் காரணம் என்று இயற்பியலாளர் ஃபெயின்மன் 1974இல் சொன்னார்.

புள்ளியியலிலும் இதே கதை. வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற கோட்டை வசதிக்காகப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் சொன்னார், பின்னால் அது சட்டம் போல ஆகிவிட்டது. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில் இருபது ஒப்பீடு செய்தால் சராசரியாக ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டும். அந்த ஒன்றை மட்டும் எழுதினால் கட்டுரை பளபளப்பாக இருக்கும். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை வேறு குழுக்கள் மறுபடி செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் கோட்டைத் தாண்டியிருந்தது, மறுபடி செய்ததில் 36 சதவீதமே தாண்டியது. அதற்கு முந்தைய கட்டுரை என்றால் ஆட்களின் எண்ணிக்கை, எத்தனை ஒப்பீடு செய்தார்கள், வேறு யாராவது திரும்பச் செய்தார்களா என்ற மூன்றையும் தேடிவிட்டு நம்புங்கள்.

"சக ஆய்வாளர் மதிப்பாய்வு பெற்றது" என்ற முத்திரையை மட்டும் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். நேச்சர் இதழே அதை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973இல். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் 1953இல் அது இல்லாமல்தான் வந்தது. இன்றோ காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் முத்திரை குத்தித் தரும் இதழ்கள் இருக்கின்றன. பிஎச்டிக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த விதி அந்தக் கடைகளுக்கு நல்ல வியாபாரம் என்பது என் கருத்து. 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தது நல்ல காரியம்.

உங்கள் புராஜெக்டில் என்ன செய்யலாம்

நாளைக்கு நம் அறிக்கையையும் யாரோ இப்படித்தான் கோடு போட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியதை இன்றே எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. கிணற்று நீரே எடுத்துக்கொள்வோம். சோதனைக்குப் போவதற்கு முன் எந்த ஒப்பீட்டைச் செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: சுரங்கத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளும் வெளியே உள்ளவையும், இவ்வளவுதான் என்று. ப்யூரெட் அளவீட்டை அப்படியே மையால் எழுதுங்கள், முதல் அளவு, முடிவு அளவு, இரண்டும். ஒரு அளவீடு ஒத்துவரவில்லை என்று விட்டால் அடித்து மறைக்காமல் ஒரே கோடு போட்டு, ஏன் விட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள், அறிக்கையிலும் எத்தனை விட்டீர்கள் என்று சொல்லுங்கள். கிணற்றின் ஆழம், மாதம், முந்தைய வாரம் மழை பெய்ததா என்பதையும் சேருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணறு ஒரே எண்ணைக் காட்டாது. ஐஎஸ் 10500 என்று மட்டும் எழுதாமல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதுங்கள்.

ஜிபிஎஸ் எடுக்கிறீர்கள் என்றால் கிணற்றுக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை, ஆனால் தன் கிணற்றுத் தண்ணீர் மோசம் என்று அச்சில் வந்தால் நிலத்தின் விலை குறையும் என்று ஒரு விவசாயி பயப்பட்டால் அது நியாயமான பயம்தான், அறிக்கையில் கிணற்றுக்கு ஒரு எண் மட்டும் கொடுத்துவிட்டு இடவிவரத்தைப் பள்ளியில் தனி உறையில் வைத்தால் போதும். முடிவு வந்ததும் அவரவர் கிணற்று எண்ணை அவரவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் பார்க்காதவற்றை எழுதுங்கள்: ஃபுளோரைடு பார்க்கவில்லை, மழைக்கு அப்புறம் போகவில்லை, ஆழ்துளைக் கிணறு எடுக்கவில்லை. அடுத்த வருஷம் அதே தலைப்பை எடுக்கிற பிள்ளைகளிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள், அவர்கள் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்கள்.